பதினோரு திங்கட்கிழமைகள்

உங்கள் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள் மேடம். சுற்றுக்கு ஒரு தடவை கிரீச் என்கிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். ஆனால் நாள் முழுக்க அதற்குக் கீழே உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனால் காரணமே இல்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழத் தோன்றும். வேலை கஷ்டம் என்று நினைத்துக்கொள்வீர்கள். வேலை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

தொழில் புத்தி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சவுண்ட் ஆள். கச்சேரிக்குப் போனால் மேடையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால் ஒரு மேஜை, அதில் நூறு திருகு, அதற்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை இருக்கும். சத்தம் நன்றாக இருந்தால் வாசித்தவருக்குக் கைதட்டல். கெட்டுப்போனால் அத்தனை தலையும் அந்த வழுக்கையைத் திரும்பிப் பார்க்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தலைகூட என் பக்கம் திரும்பியதில்லை. எனக்குப் பட்டம், பொன்னாடை எல்லாம் அதுதான்.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், யாரும் கூட்டிவரவில்லை. அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். வேகமாகப் பேசினால் கையைக் காட்டுங்கள், நிறுத்துகிறேன்.

என் தங்கையிலிருந்து ஆரம்பிக்கலாம். என்னைவிட எட்டு வயது சின்னவள். குறைமாதத்தில் பிறந்தவள், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குவாள். அதனால் வீட்டில் பெயர் பொடிசு. இப்போது முப்பத்திநாலு வயது, என்னைவிட நாலு விரல்கடை உயரம், இன்னமும் பொடிசுதான்.

வயலின் முதலில் எனக்குத்தான் வாங்கினார்கள். எனக்குப் பதினாலு வயது. மூன்று வாரமாக ஒரே ஒரு வரியைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பினால் வாசலில் வாத்தியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார். உள்ளே அந்த வரி கேட்கிறது. நான் வாசிக்க நினைத்த மாதிரியே கேட்கிறது. ஆறு வயதுப் பொடிசு, தன் கையைவிட நீளமான வில்லைப் பிடித்துக்கொண்டு, கட்டில் மேல் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் சிரித்தார். "வயலின் யாருக்காக இந்த வீட்டுக்கு வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டார் போல. தலையில் கைவைத்து, "உனக்குப் பாம்புச் செவிப்பா. கேக்கறதுக்கும் நல்ல ஆளு வேணும்ல?" என்றார்.

வருத்தமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. எட்டணா பெறாத வாசிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்கப் போகிறேன்? அன்றைக்கே வயலின் பெட்டியை அவள் கட்டிலுக்கடியில் வைத்தேன். அவள் தூங்கிவிட்டாள், பார்க்கவில்லை. அது வேறு விஷயம்.

அவளுக்குப் பதினாறு ஆகும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அம்மா, அப்பா, அண்ணன், டிரைவர், சமையல்காரன், சவுண்ட் எல்லாம் நான்தான். எந்த ஊரில், எந்தக் கூடத்தில் வாசித்தாலும் கடைசி வரிசைக்குப் பின்னால் நான் இருப்பேன். நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி நாலு வருஷம் இருந்தாள். போகும்போது, "இந்த வீட்டுல ரெண்டு பேருக்குத்தான் இடம். நான் மூணாவது ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பெண். சண்டை சச்சரவு கிடையாது. இன்றைக்கும் ஃபோன் செய்தால் எடுப்பாள் என்று நினைக்கிறேன், நான் செய்து பார்த்ததில்லை.

பொடிசு நாலு பேர் கொண்ட ஒரு குழுவில் முதல் வயலின். இரண்டாவது வயலின் ஒரு மருந்துக்கடைக்காரர். வயோலா வாசிப்பது பூகோள டீச்சர். வயோலா என்றால் வயலினுக்கு அக்கா மாதிரி, கொஞ்சம் பெரிசு, குரல் கொஞ்சம் கம்மல். தரையில் ஊன்றிக் காலிடுக்கில் வைத்து வாசிக்கிற செல்லோ ஒருவரிடம். அவருக்குக் குடிநீர் இலாகாவில் வேலை. ஒரு நீளமான இரும்புக்கம்பியைத் தெருவில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்கடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். நாங்கள் அவரைக் கசிவு என்றே கூப்பிடுவோம். அவரும், "கசிவு பேசறேன்" என்றுதான் ஃபோனை எடுப்பார். அப்படி ஒரு மனிதர். அவர் இருக்கிற இடத்தில் யாருக்கும் முகம் சுண்டாது.

அறைக்குள் வாசிக்கிற இசை இது. நாலே பேர், நடுவில் நின்று கையாட்ட ஆள் கிடையாது. ஒருத்தர் மூச்சு வாங்குவதை மற்றவர் கேட்டு வாசிக்க வேண்டும். போன வருஷம் இவர்களுக்கென்று ஒருவர் புதிதாக ஒன்று எழுதிக் கொண்டுவந்தார். எப்போது வருவார், எப்போது போவார் என்று தெரியாது, வந்தால் தலைமுடி பின்னால் பறக்கும். அதனால் பூகோள டீச்சர் அவருக்கு வால்நட்சத்திரம் என்று பெயர் வைத்தார்.

அவர் எழுதியதற்குத் 'தொலைவு' என்று பெயர். வாசிக்க வேண்டிய இடம் ஒரு கோளரங்கம். அரைவட்டக் கூரையில் நட்சத்திரம் காட்டுவார்களே, அந்த மாதிரி. நாலு பேரும் சேர்ந்து உட்காரக் கூடாது. பொடிசு நடுவில், நட்சத்திரம் காட்டும் எந்திரத்துக்குப் பக்கத்தில். மருந்துக்கடைக்காரர் வாசல் கதவோரம். டீச்சர் கூரைக்குப் பின்னால் இருக்கிற இரும்புப் படிக்கட்டில். கசிவு வெளியே வளைந்து போகும் நடையில், கண்ணுக்கே தெரியாமல்.

"ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேரும்போது பழசாயிடுது. அந்த நட்சத்திரம் இப்ப இருக்கான்னுகூடத் தெரியாது. சத்தமும் அப்படி வரணும். நீங்க வாசிக்கறது மத்தவங்களுக்கு லேட்டாதான் போய்ச் சேரணும்" என்றார் வால்நட்சத்திரம்.

"எங்க கடையில டாக்டர் சீட்டு அப்படித்தான் சார் வருது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

சிரித்தார்கள். ஆனால் சிக்கல் உண்மை. ஒருவர் சத்தம் மற்றவரிடம் பிந்திப் போனால் தாளம் எங்கே நிற்கும்? அதனால் நாலு பேர் காதிலும் ஒரு சின்ன ஒலிபெருக்கி செருகி, என் மேஜையிலிருந்து ஒரு டிக், டிக் அனுப்ப வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு அவரவர் தொலைவில் அவரவர் வாசிப்பார்கள். அத்தனை பேர் காதுக்கும் நான்தான் கடிகாரம். பொடிசு காதுக்கு நானே அச்செடுத்தேன். மெழுகு மாதிரி ஒரு பசையைக் காதுக்குள் விட்டு, இறுகும்வரை ஐந்து நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். "கூசுது அண்ணா" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயசில் காது குத்தும்போதும் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள், அப்போது அழுதாள்.

கோளரங்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதனால் திங்கட்கிழமை காலைகளில் ஒத்திகை. முதல் ஒத்திகை முடிந்து வேனில் திரும்பும்போதுதான் சொன்னாள்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"வால்நட்சத்திரம் என்னைக் கூப்பிடறார். ரெண்டு வருஷம். நாடு நாடா, கோளரங்கம் கோளரங்கமா. பெரிய குழு."

"நல்லதுதானே. எப்பக் கிளம்பணும்?"

அவள் கொஞ்சம் இழுத்தாள். "அங்க சவுண்டுக்கு அவங்ககிட்டயே ஆளு இருக்காம். நீ அலைய வேண்டாம் அண்ணா. என்னால உனக்கு எவ்ளோ தொல்லை. இனிமே வீட்டுல நிம்மதியா இரு."

சிக்னல் சிவப்பில் இருந்தது, நின்றேன். பச்சை விழுந்தது, எடுத்தேன். கோபமே வரவில்லை. அவள் சின்னப் பெண், தனக்கு என்ன தேவை என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். என்னைத் தவிர வேறு யாருக்கு அவள் சத்தம் தெரியும்? இரண்டாவது தந்தியில் அவளுக்குக் கை கொஞ்சம் அழுந்தும், அதை நான் மேஜையில் அரைத் திருகு குறைப்பேன். அவளுக்கே அது தெரியாது. அந்த ஊர் ஆள் குறைப்பானா?

கச்சேரிக்கு இன்னும் பதினோரு திங்கட்கிழமை இருந்தன.

இடுப்பில் ஒரு பெட்டி கட்டிக்கொள்வார்கள். காதுக்குப் போகும் சத்தம் அதன் வழியாகத்தான் போகும். அளவுக்கு மேல் போனால் தானாகவே வெட்டிவிட அதில் ஒரு தடுப்பு உண்டு. அரிசி அளவு ஒரு சுவிட்ச். மற்ற மூன்று பெட்டிகளிலும் அதைத் தொடவில்லை. அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் கிடையாது. பொடிசின் பெட்டியில் மட்டும் அணைத்தேன். பிறகு சத்தத்தை வாரம் ஒரு மயிரிழை கூட்டினேன். ஒரு மயிரிழைதான். திடீரென்று கூட்டினால் துள்ளிவிடுவாள், அவளுக்கு எப்படிப்பட்ட காது என்று எனக்குத் தெரியாதா?

நான் நியாயமில்லாதவன் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போகும் வழியில் கேட்பேன். "போயே ஆகணுமா பொடிசு?"

"ரெண்டு வருஷம்தானே அண்ணா, ஓடிரும்" என்பாள். ஒருநாள், "போகலன்னா செத்துருவேன்" என்று சிரித்தாள். இல்லை, இருந்துவிடுகிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தச் சுவிட்சைப் போட்டிருப்பேன். பதினோரு தடவை கேட்டேன். இவ்வளவு வாய்ப்பு யார் தருவார்கள்?

நாலாவது திங்களோ ஐந்தாவதோ, நடுவில் கையைத் தூக்கினாள். "அண்ணா, இன்னிக்கு டிக் கம்மியா வச்சிருக்கியா?"

போன வாரத்தைவிட அதிகமாகத்தான் வைத்திருந்தேன். வேலை சரியாகப் போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. "இருடா, கொஞ்சம் ஏத்தறேன்" என்றேன். ஏற்றினேன். அவளே கேட்டது, பாருங்கள்.

ஏழாவது வாரம் காதில் ஓயாமல் சீட்டி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். தூக்கம் பற்றவில்லை, நேரத்தோடு படு என்றேன். மருந்துக்கடைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. "இத அப்படியே விடக் கூடாதும்மா. காது டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடுங்க" என்று தெரிந்தவரிடம் நேரம்கூட வாங்கிக் கொடுத்தார். நல்லவர். நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, மறுநாள் ஃபோன் செய்து வேண்டாம் என்றேன். டாக்டருக்குத்தான் வேறு ஊருக்குப் போக வேண்டி வந்துவிட்டது என்று பொடிசிடம் சொன்னேன். கச்சேரி முடிந்ததும் பார்த்துக்கலாம் என்று அவளும் விட்டுவிட்டாள். நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

கச்சேரி சாயங்காலம் ஆறு மணிக்கு. கூட்டம் நிரம்பி வழிந்தது என்று சொல்ல மாட்டேன், இந்த மாதிரி இசைக்கு அப்படி வராது. ஆனால் வந்தவர்கள் ஊசி விழுந்தால் திரும்பிப் பார்க்கிற ஜாதி. விளக்கை அணைத்தார்கள். கூரை முழுக்க நட்சத்திரம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கசிவின் செல்லோ, நடையிலிருந்து, பூமியே முனகுகிற மாதிரி. அதற்கு டீச்சர் மேலேயிருந்து பதில் சொல்ல, மருந்துக்கடைக்காரர் கதவோரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி வில்லை இழுக்க, நடுவில் என் தங்கை. நான் ஆயிரம் கச்சேரி பார்த்தவன், எனக்கே முதுகு சிலிர்த்தது.

கடைசிப் பகுதி ஒன்பது நிமிஷம். மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக நிறுத்திவிடுவார்கள். பொடிசு மட்டும் மிக உச்சியில் ஒரே ஒரு சுரத்தை, தந்தியை வில் தொட்டும் தொடாமலும், பிடித்துக்கொண்டே போக வேண்டும். குறைந்து குறைந்து, எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் வால்நட்சத்திரம் கேட்டது.

அவள் அதை ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆனதும் நான் அவள் திருகைக் கடைசிவரை திருப்பினேன். மைக்கும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டால் ஒரு கூச்சல் வருமே, அதை அவள் காதுக்கு மட்டும் அனுப்பினேன். நாலு விநாடி. வெளியே ஒருவருக்கும் கேட்காது. வேண்டுமென்றே செய்தேன், நன்றாக யோசித்துச் செய்தேன், முன்னதாகவே வேறு ஒரு பெட்டியில் இரண்டு தடவை சரிபார்த்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கியது. வில் தந்தியை விட்டு எழவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள், மீதி எட்டு நிமிஷமும், ஒன்றுமே கேட்காமல். ஒரு பிசிறு இல்லை மேடம். அப்படியொரு வாசிப்பை நான் கேட்டதில்லை. முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாமல் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு யாரோ ஒருவர் தட்ட, எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். விளக்குப் போட்டார்கள். வால்நட்சத்திரம் அழுதுகொண்டிருந்தார்.

பொடிசு வாசித்துக்கொண்டே இருந்தாள். கண் மூடியிருந்தது. அத்தனை கைதட்டலுக்கு நடுவில் அவள் வில் மட்டும் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தட்டியவர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். நான் மேஜையை விட்டு ஓடிப் போய் அவள் தோளைத் தொட்டேன். முதலில் போனது நான்தான். அவள் கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். "அண்ணா, முடிஞ்சிருச்சா?" என்றாள், ரொம்பச் சத்தமாக.

மருத்துவமனையில் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். மேல் ஸ்தாயி முழுவதும் போயாயிற்று. கீழே மட்டும் தெருக்கோடியில் லாரி போகிற மாதிரி ஏதோ கேட்குமாம். கருவி வைத்தால் சத்தம் பெரிதாகும், பேச்சு விளங்காது என்றார்கள். "ஏற்கெனவே காது ரொம்ப அடிபட்டிருக்கு. இந்தப் பொண்ணு மாசக்கணக்கா எதைக் கேட்டுட்டு இருந்தாங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். "இசைதான்" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த ஆறு மாசம் எங்கள் வீட்டில் பொற்காலம் என்றே சொல்வேன். அவள் என் உதட்டசைவைப் படிக்கப் பழகினாள். வேறு யார் பேசினாலும் தடுமாறுவாள், நான் பேசினால் உடனே புரியும். கடைக்குப் போனால் நான், வங்கிக்குப் போனால் நான். ஃபோன் வந்தால் நான் பேசி அவளுக்குச் சொல்வேன். எல்லாவற்றையும் சொல்ல மாட்டேன், பாதி போதும். வால்நட்சத்திரம் வாரம் தவறாமல் கூப்பிட்டார். "அவ யாரையும் பார்க்க விரும்பல சார்" என்பேன். பாவம் அவர், தன் இசைதான் அவளைச் செவிடாக்கியது என்று பேனாவையே தொடவில்லையாம். காலையில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை.

கசிவு கெடுத்தார். கெடுத்தார் என்று சொல்லக் கூடாது, அவர் சுபாவம் அது. ஃபோனில் நான் என்ன சொன்னாலும், "சரி சரி" என்று கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லோவையும் குழாய்க் கம்பியையும் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். கம்பியின் ஒரு முனையைச் செல்லோவின் உடம்பில் வைத்தார். மறுமுனையைப் பொடிசின் தாடை எலும்பில் வைத்தார். அடித்தந்தியை ஒரே ஒரு இழுப்பு இழுத்தார்.

பொடிசு அழுதாள். "கேக்கல" என்றாள். "ஆனா தெரியுது கசிவு. தெரியுது."

"தெரிஞ்சா போதும்மா. நான் தெருவுல கேக்கறதும் அப்படித்தான்" என்றார் அவர், அவளுக்குக் கேட்காது என்பதையே மறந்து.

பிறகு மளமளவென்று எல்லாம் நடந்தது. டீச்சர் வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார். வால்நட்சத்திரம் மறுபடி எழுத ஆரம்பித்தார். மரத்தரையில் எல்லோரும் வெறுங்காலோடு உட்கார்ந்து, ஒருவர் வாசிப்பதை மற்றவர் உள்ளங்காலால் உணர்ந்து வாசிக்கிற மாதிரி. நிலநடுக்கம், பாறை, கோளின் வயிறு என்று ஏதேதோ சொன்னார். பொடிசு காலையும் மாலையும் பயிற்சி செய்தாள். விரல் எல்லாம் அவளுக்கு அப்படியே இருந்தது. காது போனால் விரல் போய்விடுமா?

சமையலறையில் வந்து சொன்னாள், போன மாசம். "அண்ணா, அடுத்த மாசம் கிளம்பறோம். டீச்சரும் கூட வர்றாங்க, எனக்குப் பேச்செல்லாம் எழுதிக் காட்டுவாங்க. நீ கவலையே படாத. இதுக்குச் சவுண்ட் ஆளே வேண்டாம்."

"நல்லது" என்றேன். உதட்டைத் தெளிவாக அசைத்துத்தான் சொன்னேன்.

முந்தாநாள் ஒரு சின்ன விஷயம் நடந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒத்திகையிலிருந்து வந்து வேனிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தோம். வேனின் பக்கக் கதவு இழுத்து மூடுகிற வகை, கனமான கதவு. அவள் இடதுகையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். நாலு விரலும் சட்டத்தின் மேல் வரிசையாக இருந்தன. கதவின் பிடி என் கையில் இருந்தது.

நான் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டேன் போல. நிமிர்ந்தவள் வழக்கம்போல என் வாயைப் பார்த்தாள். பிறகு பிடியில் இருந்த என் கையைப் பார்த்தாள். அப்புறம் தன் விரல்களைப் பார்த்தாள். மெதுவாக ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் அறைக்கதவைத் தாழ்போட்டாள். நான் தட்டினாலும் அவளுக்குக் கேட்காதே, விட்டுவிட்டேன்.

அது கிடக்கட்டும். நான் வந்த காரணத்துக்கு வருகிறேன். நேற்றுத் தபாலில் ஒரு அறிக்கை வந்தது. கோளரங்கத்துக்காரர்கள் அந்த விபத்தைப் பற்றி ஒரு பரிசோதகரை வைத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். பொடிசுதான் பிரித்தாள். படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து என்னிடம் நீட்டினாள். "பாதுகாப்புத் தடுப்பு இயக்கப்படவில்லை. காரணம்: கருவியை இயக்கியவரின் கவனக்குறைவு."

நான் மூன்று தடவை படித்தேன். அவள் எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவனக்குறைவு. யாரோ ஒரு பரிசோதகர், என் மேஜையை ஒரு நாள்கூடப் பார்த்திராத ஆள், ஒரு பேனாவை எடுத்து அப்படி எழுதிவிடுவாரா? வாரம் ஒரு மயிரிழை என்று பதினோரு வாரம் கூட்டியிருக்கிறேன். ஒரு வாரம்கூடக் கை தவறவில்லை. மற்ற மூன்று பேர் காதுக்கு ஒரு கீறல் உண்டா? சபையில் ஒருவருக்காவது கேட்டதா? இதற்குப் பெயர் கவனக்குறைவா? இரவெல்லாம் தூக்கமே வரவில்லை எனக்கு. விடிந்ததும் குளித்துவிட்டு நேரே இங்கே வந்துவிட்டேன். அந்த வார்த்தையை அடிக்க வேண்டும் மேடம். வேண்டுமென்றே என்று எழுதுங்கள். தண்டனை எதுவாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

இது என்ன தாள்?

இன்று காலையா? பொடிசு எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாளா? நான் குளிக்கும்போது கிளம்பியிருப்பாள். ஆமாம், அவள் கையெழுத்துதான். சாய்த்துச் சாய்த்து எழுதுவாள், நான்தான் நோட்டுப் போட்டுக் கொடுத்துப் பழக்கினேன். படிக்கலாமா?

"என் அண்ணன் இன்று உங்களிடம் வருவார். வந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், எல்லாவற்றையும் அவரே சொல்வார். அறிக்கையில் இருப்பது தவறு. இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எந்தச் சுவிட்சையும் அவர் மறந்ததே கிடையாது. அவரைப்போல் கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் இனி அந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை."

ஒரு நிமிஷம் மேடம். கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்.

இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை, இதுதான் முதல் தடவை. உங்களுக்கு வேண்டுமானால் நகல் எடுத்துக்கொண்டு, இந்தத் தாளை மட்டும் என்னிடம் கொடுத்துவிட முடியுமா?